டேங்க் மூடி ரப்பரை மாற்றுமுன் பார்க்க வேண்டிய இரண்டு துளைகள்

வந்தது 150 சிசி பைக். 12 லீற்றர் டேங்க், மேற்பரப்போடு சமமாக அமிழ்ந்து உட்காரும், சாவியால் திறக்கும் மூடி. முறைப்பாடு: மழை பெய்த இரவுக்கு மறுநாள் ஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிடம் ஓடி, இருமி நின்றுவிடுகிறது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும்போது கித்துல்கலைக்குக் கிட்ட எஞ்சின் அடங்கிப் போகிறது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தம். மூடிவிட்டு உதைத்தால் மறுபடி ஓடுகிறது. இதற்கு முன் வேறிடத்தில் மூடி ரப்பர் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றிய பிறகும் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அந்த 'உஸ்' சத்தம்தான் இந்த வேலையின் முழு விளக்கமும். வெளிக்காற்று உள்ளே பாய்கிறது என்றால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து கிடக்கிறது. டேங்க் மூச்சு விட முடியாமல் இருக்கும்போது எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும், சிறு இடைவெளி கிடைத்தால் போதும், அதன்மேல் தேங்கி நிற்கும் மழைநீரை டேங்க் தானே உறிஞ்சி எடுக்கும். ஆகவே ரப்பரில் கை வைப்பதற்கு முன் இரண்டு துளைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இருக்கும் வடிகால் துளை. மற்றது மூடிக்குள்ளேயே இருக்கும் மூச்சுத் துளை. மலைநாட்டில் மாற்றப்படும் மூடி ரப்பர்களில் பல இந்த இரண்டையும் பார்க்காமல் மாற்றப்படுகிறவை.

இறங்குகிற பாதை இதில் ஏன் முக்கியம் என்றால், ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் 87 கிலோபாஸ்கல் அளவு. அவிசாவளையில் 101. மூச்சுத் துளை அடைத்த டேங்க் ஹட்டன் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு கீழே இறங்கினால், அடிவாரத்தில் 14 கிலோபாஸ்கல் குறைவோடு நிற்கும். அது 1.4 மீற்றர் உயர நீர்நிரலின் எடைக்குச் சமம். எஞ்சின் பெற்றோலைக் குடிக்கக் குடிக்க இது இன்னும் கூடும். காபுரேட்டருக்குப் பெற்றோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது என்பதால் அது நின்றுபோகிறது. அந்த நேரம் மூடிப் பள்ளத்தில் தண்ணீர் இருந்தால், ரப்பரில் எங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறதோ அதன் வழியாக உள்ளே போகும். ஏறும்போது தலைகீழ்: உள்ளழுத்தம் கூடி, பெற்றோல் வாடை மூடியைச் சுற்றி அடிக்கும். நுவரெலியாவுக்கு ஏறியதும் மூடியைத் திறந்தால் பெற்றோல் ஆவி முகத்தில் அடிப்பது இதனால்தான்.

பைக் ஓடாமல் நின்றாலும் இதே வேலை நடக்கும். பத்து மணி வெயிலில் டேங்க் சூடாகி 30 பாகைக்கு வரும். இரண்டு மணிக்கு மழை கொட்டி 15 பாகைக்கு இறங்கும். உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் அதனால் மட்டும் 4 கிலோபாஸ்கலுக்கு மேல் குறையும். பெற்றோல் ஆவி குளிர்ந்து அடங்குவது அதற்கு மேல். வெயிலுக்குப் பின்னே மழை, மழைக்குப் பின்னே வெயில் என்று ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை மாறும் ஊரில், டேங்க் அத்தனை தடவையும் உறிஞ்சும்.

இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "பனிமூட்டம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது." கணக்குப் போட்டால் அது நிற்காது. 20 பாகையில் ஈரம் முழுதாக நிறைந்த காற்று, ஒரு கனமீற்றருக்கு 17 கிராம் அளவு நீரைத் தாங்கும். டேங்கில் 10 லீற்றர் வெற்றிடம் இருந்தால் அந்தக் காற்றில் உள்ள மொத்த நீரும் 0.17 கிராம், மூன்று நான்கு சொட்டு. இந்த பைக்கின் டேங்கிலிருந்து வந்த தண்ணீர் 180 மி.லீ. பனியைக் குற்றம் சொல்லி விட்டுவிட்டால், தண்ணீர் வரும் உண்மையான வழி திறந்தபடியே இருக்கும்.

வேலை தொடங்குமுன்: திறந்த வெளியில், பட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு. லயத்து வாசலில் செய்வதாக இருந்தால் அடுப்பு எரிகிற நேரத்தில் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். இறக்கிய பெற்றோலைக் குடிதண்ணீர்ப் போத்தலில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதைப் பலமுறை சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று உறுதி செய்தோம். காபுரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடி ஆணியைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், பெற்றோல் மேலே. இங்கே ஓர் ஏமாற்றம் இருக்கிறது. வந்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, நல்ல பெற்றோல் என்றே கண் நம்பிவிடும். அதற்குக் கேக்குக்குப் போடும் நிறத் திரவத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். அந்தச் சாயம் பெற்றோலில் கலக்காது, உருண்டையாகக் கீழே போகும். தண்ணீரைத் தொட்டதும் பரவி நிறமேற்றும். இந்த பைக்கில் கிண்ணத்திலிருந்து வந்ததில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பாகியது. கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவும் இருந்தது. தண்ணீர் நாள்கணக்கில் கிடந்து அலுமினியக் கலவையை அரித்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எஞ்சினுக்குப் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் சிறு துளையில் ஒரு நீர்த்துளி உட்கார்ந்தால் அதன் பரப்பு இழுவிசையே துளையை அடைத்துவிடும். எஞ்சின் இருமுவது அந்த நேரம்தான்.

டேங்கைக் கழற்றி, பெற்றோல் டேப்பையும் எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சாய்த்து முழுதாக இறக்க வேண்டும். டேங்க் நடுவில் முதுகுபோல் வளைந்திருப்பதால் டேப் இல்லாத பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் தங்கும். அங்கேதான் தண்ணீரும் தங்கும். அரை லீற்றர் சுத்தமான பெற்றோல் விட்டுக் குலுக்கி ஊற்றினோம். அதற்குப் பிறகு 100 மி.லீ. மெதிலேட்டட் ஸ்பிரிட் விட்டு, சுவர்களில் படும்படி சுழற்றி உடனே வெளியே கொட்டினோம். ஒட்டியிருக்கும் நீர்ப்படலத்தை ஸ்பிரிட் தன்னோடு சேர்த்துக்கொண்டு வரும். அதை உள்ளே விட்டுவைக்கக் கூடாது.

இனி வடிகால். மூடியைத் திறந்தால் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் 4 அல்லது 5 மி.மீ. அளவில் ஒரு துளை. துளையிலிருந்து ஓர் இரும்புக் குழாய் டேங்கின் உள்ளே, பெற்றோலுக்கு நடுவாக, நேரே அடிக்குப் போகிறது. அங்கிருந்து ரப்பர் ஹோஸ் ஒன்று பைக்கின் அடிப்பாகம் வரை தொங்கும். பள்ளத்தில் விழும் மழையை இதுதான் வெளியே கொண்டு போகிறது. பார்மசியில் வாங்கும் 20 மி.லீ. சிரிஞ்சால் பள்ளத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். நல்ல வடிகால் என்றால் சில விநாடியில் கீழே ஹோஸ் நுனியில் சொட்டும். இதில் இரண்டு நிமிடம் கழித்தும் தண்ணீர் விட்ட மட்டத்திலேயே நின்றது.

ஹோஸைக் கீழே கழற்றி அமத்திப் பார்த்தால், நுனியில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் செம்மண் கட்டி. உடைத்ததும் உள்ளே வெற்றறை, காய்ந்த புழுத்தோல்: மண் குளவி கூடு கட்டியிருக்கிறது. அதற்கு மேலே இரும்புக் குழாயின் வாயில் பச்சைப் பாசி. குளவி அடைத்தது முதலில், தண்ணீர் நின்றதால் பாசி பிறகு. தோட்டப் பாதையில் ஓடும் பைக்குகளில் பின்சில்லு அடிக்கும் சேறும் இதையேதான் செய்கிறது.

குழாயைத் துப்பரவாக்க ஜீஐ கம்பி பாவிக்கக் கூடாது. உள்ளே துருவேறிய மெல்லிய குழாயை அது குத்தித் துளைத்துவிடும். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் 2 மி.மீ. நைலோன் நூல் இதற்கு அளவாக இருக்கிறது: விறைப்பும் உண்டு, வளையவும் செய்யும், இரும்பைக் காயப்படுத்தாது. மேலிருந்து விட்டு மெல்ல முறுக்கிக்கொண்டே இறக்கி, வெந்நீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தோம். கராஜ் கம்ப்ரசர் காற்று இந்தக் குழாய்க்கு அதிகம்.

குழாய் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். டேங்கில் பாதிவரை பெற்றோல் விட்டு, மேல்துளையை விரலால் அடைத்து, கீழிருந்து சிரிஞ்சால் காற்றைத் தள்ளுங்கள். உள்ளே குமிழி சத்தம் கேட்டால் குழாய் ஓட்டை. அப்படியானால் பள்ளத்து மழைநீர் நேராகப் பெற்றோலுக்குள் போக வழி இருக்கிறது, எந்த ரப்பரும் உதவாது. நிறுத்திய பைக்கின் வடிகால் ஹோஸிலிருந்து பெற்றோல் சொட்டினாலும் காரணம் அதுவே. இந்த டேங்கில் குழாய் நன்றாக இருந்தது. ஓட்டையாக இருந்தால் வேறு டேங்க் தேடுவதுதான் எங்கள் தீர்ப்பு. பெற்றோல் ஆவி ஊறிய டேங்கில் வெல்டிங் நெருப்பைக் காட்டுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது மூச்சுத் துளை. மூடியின் அடித்தட்டில் ஊசிமுனை அளவில் ஒரு துளை, உள்ளே ஒரு சிறு குண்டு, வெளிவாய் பிணைச்சல் பக்கம் பள்ளத்துக்குச் சற்று மேலே. காற்று உள்ளே வர வழிவிடும்; பைக் சரிந்தால் குண்டு உருண்டு பெற்றோலைத் தடுக்கும். சிரிஞ்ச் நுனியில் மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டி, அதைத் துளையில் அழுத்திப் பிடித்துத் தள்ளினோம். தண்டு அசையவில்லை. மூடியைப் பெற்றோலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தட்டி, காற்று அடித்த பிறகு, தூசியும் பழைய கிறீஸும் கலந்த கறுப்புக் களி வந்தது. பூட்டு இறுகியிருக்கிறது என்று யாரோ கிறீஸ் அடைத்திருக்கிறார்கள். சாவித் துவாரத்துக்கு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும், கிறீஸ் வேண்டாம்.

இந்த வெளிவாய் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். வடிகால் அடைத்து, பள்ளத்தில் தண்ணீர் அந்த வாய் வரை ஏறினால், மூச்சுத் துளை திறந்திருந்தாலும் டேங்க் மூச்சிழுக்கும்போது தண்ணீரையே இழுக்கும். புது ரப்பர் போட்ட பிறகும் தண்ணீர் இறங்குவதற்கு இதுவும் ஒரு வழி.

சிறு விமானங்களில் இதே சங்கதி உயிர்ப் பிரச்சினை. அவற்றில் பலவற்றின் டேங்க் இறகுக்குள் இருக்கிறது, மூடி இறகின் மேற்பரப்பில் அமிழ்ந்து கிடக்கும். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து, மேலே மழைநீர் தேங்கினால், நிறுத்திய இடத்திலேயே நீர் உள்ளே போய்விடும். அதனால் விமானி அன்றைய முதல் பறப்புக்கு முன்பும், எரிபொருள் நிரப்பிய ஒவ்வொரு தடவையும், டேங்கின் அடிவாயிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் இறக்கிப் பார்க்கிறார். அங்கே பெரும்பாலும் பாவிக்கும் பெற்றோலுக்கு நீல நிறம் சேர்த்திருப்பார்கள். குவளையில் அந்த நீலம் இல்லாவிட்டால் கையில் இருப்பது தண்ணீராக இருக்கலாம். பழைய அமிழ்ந்த மூடிகளைக் கழற்றிவிட்டு, கழுத்தை உயர்த்தி, குடை கவிழ்ந்த மாதிரி மூடி போடும் வழக்கமும் உண்டு. நம்மூர்ப் பழைய பைக்குகளின் மேலே கவிழும் மூடிகளும் அந்த ஜாதிதான்; அவற்றில் மழைநீர் இறங்கும் தொல்லை குறைவு.

இப்போதுதான் ரப்பர். மூடியின் அடித்தட்டில் வில் அழுத்தத்தோடு இருக்கும் வளையம். வெளிவிட்டம் 46, உள்விட்டம் 32 மி.மீ. கழுத்து விளிம்பு அழுந்திய இடத்தில் ஆழமான வட்டத் தடம். வேர்னியர் அளவியில் தடிமன் தடத்துக்கு வெளியே 2.9 மி.மீ., தடத்தில் 2.1. நகத்தால் அழுத்தினால் குழி விழவில்லை. மடித்தால் வெளிப்பக்கம் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. பெற்றோலைத் தாங்கும் நைத்ரைல் என்ற ரப்பர் நல்லதாக இருந்தால் அதில் நகம் பதியும், எடுத்ததும் மறையும். தடம் அரை மி.மீ.க்குக் குறைவு, வெடிப்பு இல்லை என்றால், வளையத்தைப் புரட்டிப் போட்டு ஒரு மழைக்காலத்தைச் சமாளிக்கலாம். இது அந்த நிலையைத் தாண்டியிருந்தது.

ரப்பர் எதில் செய்தது என்பதில் தவறினால் முழு வேலையும் பாழ். சைக்கிள் டியூபிலும் செருப்பு ரப்பரிலும் வெட்டிப் போடுவது இங்கே வழக்கம். இயற்கை ரப்பர் பெற்றோலைக் குடித்து ஊதும். இரண்டு வாரத்தில் மூடி சாவிக்கு அசையாது, பிறகு ரப்பர் களியாகிக் கழன்று டேப்பின் வடியை அடைக்கும். சிலிக்கன் பசை தடவுவது அதைவிட மோசம்: பெற்றோலில் ஊதி உரிந்து நார்நாராக விழுகிறது. கடையில் 'ஒயில் ரப்பர் ஷீட்' என்று கேட்டால் நைத்ரைல் கிடைக்கும், ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது. 20 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பெற்றோல் விட்ட மூடிய போத்தலில் இரண்டு நாள் போட்டு அளக்க வேண்டும். நைத்ரைல் ஒரு மி.மீ. அளவில் நீளும். இயற்கை ரப்பர் 25ஐத் தாண்டும், கண்ணுக்கே தெரியும். வைட்டன் என்ற ரப்பர் கிடைத்தால் இரண்டையும் விட நல்லது, விலைதான் கூட.

வளையத்தைக் கவராயக் கத்தியால் வெட்டினோம், அடியில் பலகையின் குறுக்குவெட்டுப் பக்கம், கத்தியில் சவர்க்காரத் தண்ணீர். வெளிவட்டம் முதலில். உள்வட்டத்தை முதலில் வெட்டினால் கவராய முள்ளுக்கு நிற்க இடம் போய்விடும். அளவு பழையதன் அளவே. சிறிதாக வெட்டி இழுத்து மாட்டக் கூடாது, இழுபட்டபடி இருக்கும் ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும்.

முதல் தடவை 4 மி.மீ. ஷீட்டில் வெட்டிப் போட்டது சரிவரவில்லை. தடிமன் கூடினால் அழுத்தம் கூடும் என்ற எண்ணம் தவறு. மூடி பிணைச்சலில் சுழன்று இறங்குவதால், தடித்த ரப்பர் பிணைச்சல் பக்கம் முதலில் முட்டுகிறது, தட்டு சாய்கிறது, பூட்டுப் பக்கம் தூக்கி நிற்கிறது. காகிதச் சோதனை இதை உடனே காட்டியது. கொப்பித் தாளில் ஒரு விரல் அகலக் கீலம் வெட்டி, கழுத்து விளிம்பில் வைத்து மூடிப் பூட்டி, இழுத்துப் பார்ப்பது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி பிடித்து, கிழிவது போல் வர வேண்டும். 4 மி.மீ. ரப்பரில் பிணைச்சல் பக்கத் தாள் கிழிந்தது, பூட்டுப் பக்கத் தாள் சும்மா வழுக்கி வந்தது. 3 மி.மீ. போட்டதும் மூன்று பக்கம் சரி, ஒரு பக்கம் மட்டும் தளர்வு. விளிம்பை விரலால் தடவினால் அந்த இடத்தில் ஒரு நெளிவு. பெற்றோல் செட்டில் குழாய் மூக்கு இடித்த தழும்பு. கழுத்துக்குள் துணி அடைத்து, 400 நம்பர் தேய்ப்புத் தாளை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி விளிம்பின்மேல் வட்டமாகத் தேய்த்து, 1000 நம்பரில் முடித்தோம். பிறகு நான்கு பக்கமும் காகிதக் கீலத்துக்கு ஒரே பிடி.

மூடிச் சட்டத்துக்கும் டேங்குக்கும் இடையே 1 மி.மீ. தடிப்பில் இன்னொரு கேஸ்கட் இருக்கிறது, அதையும் மாற்றினோம். மேலே ஏழு ஆணித் தலை தெரிந்தாலும் இந்த மூடியில் பிடிப்பது மூன்றே, மற்றவை அலங்காரம். ஒன்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். கழற்றுமுன் கழுத்தைத் துணியால் அடையுங்கள், உள்ளே விழுந்த ஆணியை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். இறுக்கும்போது அலன் கீயின் நீளப் பக்கத்தைத் துளையில் விட்டு, குட்டைப் பக்கத்தைப் பிடித்து மூன்றையும் மாறி மாறி இறுக்கினால் போதும். டேங்கின் புரி மெல்லியது.

கடைசிச் சோதனைக்கு டேங்கில் ஒரு லீற்றர் பெற்றோல். டேங்கை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, வடிகால் ஹோஸைக் கிளிப்பால் நெரித்து, நிறம் கலந்த குளிர்ந்த நீரைப் பள்ளத்தில் விட்டோம், மூச்சு வாய்க்கு 2 மி.மீ. கீழே வரை மட்டும். அதற்கு மேலே விட்டால் மூச்சு வழியாக இறங்குவதை ரப்பரின் குறை என்று தவறாக எண்ண நேரும். டேங்கின் மேலேயும் குளிர்நீர் ஊற்றி, கால் மணி நேரம் விட்டோம். பிறகு பள்ளத்து நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, துடைத்து, பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் இறக்கினால், அடியில் நிறத் துளி ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தபோது சத்தமும் இல்லை.

புல் வெட்டும் மெஷின், முதுகில் சுமக்கும் மருந்து மெஷின் மூடிகளுக்குப் பள்ளமும் வடிகாலும் கிடையாது. உள்ளே ஓ-ரிங், நடுவில் சிறிய மூச்சு வால்வு, அவ்வளவுதான். அவற்றில் சரிவில் வேலை செய்யும்போது முதுகுப் பக்கம் பெற்றோல் கசிந்தால் ஓ-ரிங்கையும், பத்து நிமிடத்தில் எஞ்சின் நின்று மூடியைத் தளர்த்தினால் ஓடினால் வால்வையும் பார்க்க வேண்டும்.

பைக்குக்கு, வைகாசி தொடங்கி புரட்டாசி வரை, மாதம் ஒருமுறை அந்த 20 மி.லீ. சிரிஞ்ச் நீர் போதும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிற மலைச்சரிவு அது. சேர்விஸ் செய்யும் இடத்தில் பிரெஷர் தண்ணீரை மூடிமேல் நேராக அடிக்க விடாதீர்கள். ஹோஸ் நுனியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, சில்லு அடிக்கும் சேறு படாத இடத்தில் கட்டுங்கள். குளவி திரும்ப வராமல் இருக்க, நுனியில் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து நூலால் சுற்றினோம். அதையும் ஒவ்வொரு தடவை நீர் விடும்போது கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வலையே அடைப்பாகிவிடும்.